அரக்குப் பேனாவின் கறுப்பு மூடி

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கல்லூரியில் தாவரவியல் நடத்திய காலத்தில் இது ஒரு குறையாகத் தெரியவில்லை. வகுப்பில் நடந்துகொண்டே பேசலாம், ஆய்வுக்கூடத்தில் மேசைக்கு மேசை போகலாம். ஓய்வு பெற்ற பிறகு நடப்பதற்கு எங்கள் மன்னார்குடி வீட்டின் கூடம்தான் மிஞ்சியது. செய்தித்தாளை எடுப்பேன், இரண்டாம் பக்கத்திலேயே வைத்துவிடுவேன். வாசலுக்குப் போவேன், திரும்புவேன். மின்விசிறியைக் கூட்டுவேன், குறைப்பேன்.

“அந்த ரெகுலேட்டர் உங்களை என்னங்க பண்ணுச்சு? அதை விடுங்களேன்” என்பாள் என் மனைவி.

அவள் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. என்னுடைய அலைச்சல் அவளுக்குக் கிடையாது. காலை வேலைகளை முடித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். அவளுடைய அப்பா எழுதிக் கொடுத்த நிலம் நீடாமங்கலம் பக்கம், வாய்க்காலைத் தாண்டி இருக்கிறது. குத்தகைக்கு விட்ட நிலம்தான். இருந்தாலும் நாற்று விட்டாச்சா, களை எடுத்தாச்சா, கடைசி மடை வரை தண்ணீர் ஏறிச்சா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவே இல்லை. எங்கே போவதானாலும் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து போவேன். கடைத்தெருவில் என் பழைய மாணவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

மாலையில் செய்தித்தாளில் வரும் சுடோகுவை எடுத்துக்கொண்டு உட்காருவாள். பேனாவால்தான் போடுவாள். “பென்சில் எடுத்தா தப்பு பண்ணலாம்னு தோணும்” என்பது அவள் கட்சி.

என் கைகளுக்கு வேலை கொடுத்தவையும் பேனாக்கள்தான். கடைத்தெருவில் பாய் ஒருவர் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறார். வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அவர் கண்ணாடி அலமாரியில் ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் மைப்பேனாக்கள் எல்லா நிறத்திலும் இருக்கும். ஒருநாள் என் பச்சைப் பேனாவின் மூடி வெடித்துவிட்டது. வேறு மூடி கிடைக்குமா என்று போய்க் கேட்டேன்.

“பச்சையில இல்லைங்க சார்” என்று சொல்லிக்கொண்டே ஒரு மஞ்சள் பேனாவின் மூடியைக் கழற்றி என்னுடையதில் திருகினார். மரை கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. தூக்கிக் காட்டினார். “இப்ப பாருங்க. இது வரைக்கும் பேனாவா இருந்துச்சு, இப்ப மாப்பிள்ளை ஆயிடுச்சு.”

அன்றைக்கே இன்னும் சில நிறங்களை வாங்கிக்கொண்டு வந்தேன். பிறகு ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டு. கிளிப்பச்சை, மயில்நீலம், கத்தரிப்பூ நிறம், செங்கல் நிறம், பால் வெள்ளை, உள்ளே மை ஆடுவது தெரிகிற கண்ணாடி நிறம். மூடி, மூடியின் கிளிப், நிப்பு உட்காரும் கழுத்து, மை நிற்கும் உடல் என்று நான்கையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம். எதை எதோடு வேண்டுமானாலும் பூட்டலாம். மேசையில் பழைய துண்டு ஒன்றை விரித்துப் பாகங்களைப் பரப்பிக்கொள்வேன். வெதுவெதுப்பான தண்ணீரில் நிப்புகளை ஊறப் போடுவேன். மரையில் துளி வாசலின் தடவித் திருகுவேன், இல்லாவிட்டால் சட்டைப் பை முழுக்க மை ஒழுகும். கத்தரிப்பூ உடலுக்கு வெள்ளைக் கழுத்து, பச்சை மூடி. பார்ப்பேன், பிடிக்காது, பிரிப்பேன். செங்கல் உடலுக்கு மயில்நீலம். சற்று நேரம் பிடிக்கும், பிறகு அதுவும் பிடிக்காது. எதுவும் முடிந்துபோகாது என்பதுதான் அதில் இருந்த சுகம்.

“ஆறு நிறம் இருந்தா எத்தனை பேனா பண்ணலாம், சொல்லு?” என்று ஒருநாள் மனைவியைக் கேட்டேன்.

“மூடி ஆறு, கழுத்து ஆறு, உடல் ஆறு. இருநூத்திப் பதினாறு” என்றாள் சுடோகுவிலிருந்து தலையைத் தூக்காமல். “கிளிப்பைச் சேக்கல. சேத்தா நமக்கு ஆயுசு பத்தாது.”

பாய் கடையில் இந்தப் பேச்சுக்கென்றே எனக்கு ஒரு ஸ்டூல் உண்டு. “சார் பேனாவுக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைக்கிறாரு” என்று வருகிறவர்களிடம் சொல்வார். “பண்ணி வச்சா பரவாயில்லை, மறுநாளே வெட்டியும் விட்டுடுறாரு.”

அரக்கு நிறத்தில் அந்த அச்சுப் பேனா ஒரே ஒரு தடவைதான் வந்தது, நாலைந்து இருக்கும். அதில் ஒன்றை என் மனைவி வாங்கினாள். மூடியும் கழுத்தும் உடலும் எல்லாம் அரக்கு, கிளிப் மட்டும் தங்க நிறம். மற்றவை பள்ளிப் பிள்ளைகள் கையில் போய்விட்டன. அவள் பேனாவின் நிப்பை ஒருமுறை நான் எடுத்து வேறொன்றில் பொருத்தப் போய் வளைத்துவிட்டேன். “உங்க விளையாட்டெல்லாம் உங்க டப்பாவோட இருக்கட்டும். என் பேனாவைத் தொடாதீங்க” என்றாள். தொடமாட்டேன் என்று சொன்னேன். வேறு நிப்பு வாங்கிப் போட்டுக் கொடுத்தேன்.

ஆடி மாதத்து மதியம் ஒன்றில் அவள் உள்ளே படுத்திருந்தாள். காற்று ஜன்னல் கதவுகளை அடித்துக்கொண்டிருந்தது. நான் மாம்பழ மஞ்சள் உடல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எல்லா மூடிகளையும் போட்டுப் பார்த்துவிட்டேன். எதுவும் சேரவில்லை. அதற்குச் சேரக்கூடிய மூடி எது என்று எனக்குத் தெரியும். பட்டுப் புடவையில் மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரை போட்டால் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. அவள் பேனா செய்தித்தாளுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரில் நின்றுகொண்டிருந்தது. எழுந்தேன், நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பிறகு அந்த மூடியைக் கழற்றிக்கொண்டு, அவள் பேனாவுக்கு ஒரு கறுப்பு மூடியைப் போட்டு வைத்தேன்.

மஞ்சளில் அரக்கு ஏறியதும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கத் தோன்றவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

மாலையில் அவள் பேனாவை எடுத்தாள்.

“இதுக்கு மூடி அரக்குதானே?”

“எதுக்கு?”

“என் பேனாவுக்கு. நீங்க எடுத்தீங்களா?”

“உன் பேனாவை நான் ஏன் தொடப் போறேன்? அது எப்பவும் கறுப்பு மூடிதானே.”

கொடுத்த வாக்கை மீறிவிட்டேன் என்ற சின்ன வெட்கம். அதை மறைக்க வாயில் வந்த பொய். ஒரு நிமிடம் அவளை விழிக்க வைத்துவிட்டுச் சிரித்துச் சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தேன். அதற்குள் பெங்களூரிலிருந்து மகள் போனில் அழைத்தாள். பேச்சு பேரனின் காய்ச்சலுக்குப் போயிற்று. அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாள் காதும் காதும் வைத்தாற்போல் மூடியை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மாற்றினால் கண்டுபிடித்துவிடுவாளே என்று அதையும் செய்யவில்லை. மஞ்சள் பேனாவை டப்பாவின் அடியில் ஒளித்தேன்.

இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அவள் அதன்பின் மூடியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கறுப்புதான் என்று ஏற்றுக்கொண்டாள் போலும் என்று எண்ணினேன். எண்ணியதும் கை ஊறியது. சில வாரம் கழித்து அவள் பேனாவின் கழுத்தை மாற்றினேன். அரக்கை எடுத்துவிட்டுச் செங்கல் நிறத்தைப் போட்டேன். இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. கணக்கு டீச்சருக்குத் தெரிகிறதா பார்ப்போம் என்று நாற்காலியில் உட்கார்ந்து கவனித்தேன். அவள் பேனாவை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள், சுடோகுவைத் தொடர்ந்தாள். தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்குள் சிறுபிள்ளைத்தனமான ஒரு சந்தோஷம்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. கேட்கப் பயந்திருந்தாள்.

குடவாசலில் இருந்த அவளுடைய அக்கா கடைசி வருடங்களில் எல்லாவற்றையும் மறந்து போனார். தொடக்கத்தில் மறந்தது சின்ன விஷயங்கள்தான். தன் புடவையின் நிறம், டம்ளரை வைத்த இடம். பிறகு ஒருநாள் வீட்டை விட்டுக் கிளம்பிப் போய்க் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார். தேடிப் போன தங்கையைப் பார்த்து, “நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?” என்று மரியாதையாகக் கேட்டார். அன்று நானும் கூடப் போயிருந்தேன். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் விளையாட்டை அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

அதே மாதங்களில் அவளுக்கு உண்மையாகவே சில மறதிகள் வந்தன. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டாள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், தீய்ந்த வாசனை வந்து ஓடினால் பாத்திரம் கரியாகியிருந்தது. இன்னொரு நாள் என்னையும் ஏற்றிக்கொண்டு போய்க் கடைத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியை அதிலேயே விட்டுவிட்டாள். காய்கறி விற்கிற அம்மாள் எடுத்து வைத்திருந்து கொடுத்தார். இந்த வயதில் யாருக்கும் நடப்பதுதான் என்று அவளிடம் சொன்னேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் வண்டிச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

“எங்கிட்ட எதுக்கு? எனக்கு ஓட்டவா தெரியும்?”

“ஓட்டத் தெரியாதவங்ககிட்ட இருக்கறதுதான் நல்லது.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“எனக்கு எதுவும் நிச்சயமா இல்லைங்க. கண்ணு பாக்குறது ஒண்ணா இருக்கு, மண்டையில இருக்கறது ஒண்ணா இருக்கு. ரோட்டுல போறப்ப அப்படி ஆச்சுன்னா? குறுக்க ஒரு புள்ள ஓடி வந்துச்சுன்னா?”

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதற்குள் விஷயம் மூடியைத் தாண்டிவிட்டது. மாதக்கணக்காகப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாயே என்று கேட்டால் என்ன சொல்வேன்? சாவியை வாங்கி அலமாரியில் வைத்தேன். அவள் மகளிடமும் சொன்னாள். மகள் பதறிப் போய்த் தஞ்சாவூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் பெயர் கொடுத்தாள். கூட்டம் அதிகம், தை மாதம்தான் பார்க்க முடியும் என்றார்கள்.

வண்டி உறை போட்டு நின்றது. குத்தகைக்காரர் போனில், “டீச்சரைக் காணுமே, வயல்ல தண்ணி நிக்கிதுங்க, வந்து பாக்கலையா?” என்றார். கால் வலி என்றாள். ஜன்னலருகே உட்கார்ந்து மழையைப் பார்த்தாள். நான் கூடத்தில் நடந்தேன். முன்பெல்லாம் சும்மா நடந்தேன், இப்போது அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக நடந்தேன். ஒருநாள் மாலை சுடோகு போட உட்கார்ந்தவள் டம்ளரிலிருந்து பேனாவை எடுக்கவில்லை. பேரன் விட்டுப் போன பென்சிலை எடுத்தாள். பக்கத்தில் ரப்பர் இருந்தது.

அதைப் பார்த்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. மழை விட்ட ஒரு நாள் பாய் கடைக்குப் போனேன்.

“சார், டீச்சர் வந்திருந்தாங்க” என்றார் பாய். “நடந்தே வந்தாங்க போலருக்கு, செருப்பெல்லாம் சேறு. எங்கிட்ட வாங்குன அரக்குப் பேனாவுக்கு மூடி என்ன கலருன்னு கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எனக்கு எங்க சார் ஞாபகம் இருக்கு? ஒண்ணு ரெண்டு கறுப்பு மூடியோட வந்திருக்கும் டீச்சர்னு சொன்னேன். அந்த லாட்டுல கலந்து கட்டித்தானே அனுப்புவான். சரி பாய், அப்ப எனக்குத்தான்னு சொல்லிட்டு ஸ்டூல்ல உக்காந்துட்டாங்க. தண்ணி கேட்டாங்க. முகமே சரியில்ல சார். நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனா?”

“நீங்க தப்பா சொல்லல பாய்” என்றேன்.

அவ்வளவு தூரம் சேற்றில் நடந்து போய், தன் ஞாபகத்துக்கு ஒரு சாட்சி தேடியிருக்கிறாள். சாட்சியும் என் பொய்யையே சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைக் கொண்டுபோய் அவள் முன்னால் கவிழ்த்தேன். மஞ்சள் பேனாவை எடுத்து அரக்கு மூடியைக் கழற்றி வைத்தேன். அரக்குக் கழுத்தையும் தேடி எடுத்து வைத்தேன். “நான்தான்” என்றேன்.

அவள் மூடியைக் கையில் எடுத்தாள். தன் பேனாவின் கறுப்பு மூடியைக் கழற்றிவிட்டு இதைத் திருகினாள். கழற்றினாள், மறுபடி திருகினாள்.

“எப்பலேர்ந்து?”

“ஆடியிலேர்ந்து.”

“ஆடியிலேர்ந்து எனக்கு அக்கா மாதிரி ஆயிடுச்சுன்னு நான் செத்துக்கிட்டிருக்கேன். நீங்க பக்கத்துல உக்காந்து கலர் சேத்துக்கிட்டு இருந்திருக்கீங்க.”

நின்றபடியே கேட்டுக்கொண்டேன். அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். ஆனால் அவள் திட்டவில்லை. அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

“அப்ப அந்தப் பால்? அடுப்புல வச்சுட்டுப் போனேனே, அதுவும் நீங்களா?”

அது என்னைக் குற்றம் சாட்டும் குரலே இல்லை, கெஞ்சுகிற குரல். ஆமாம் என்று சொல்லிவிடுங்களேன் என்று அவள் கண் கேட்டது. பால் விஷயத்தில் எனக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

“நான்தான்” என்றேன். “நீ அணைச்சுட்டுத்தான் போன. டீ போடலாம்னு திரும்பப் பத்த வச்சேன். அப்படியே வாசலுக்குப் போயிட்டேன்.”

“வண்டி சாவி?”

“நீ எங்கிட்டதான் கொடுத்த. கையில ரெண்டு பை இருந்துச்சு. நான்தான் வண்டியில திரும்பச் சொருகிட்டு வந்தேன்.”

முதல் பொய்யைச் சொன்னது என்னைக் காப்பாற்றிக்கொள்ள. இதைச் சொன்னது அவளைக் காப்பாற்ற என்று அந்த நிமிடம் நம்பினேன். அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திட்டத் தொடங்கினாள். “படிச்ச மனுஷனா நீங்க? எத்தனை பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தீங்க, உங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலையா?” என்று தொடங்கிச் சாப்பாடு போடும்போதும் நிறுத்தவில்லை. மாதங்களாகக் கேட்காத குரல். மகளைக் கூப்பிட்டு, “உங்கப்பா பண்ணின வேலையைக் கேளு” என்று முழுவதையும் சொன்னாள். மகள் என்னோடு பேச மறுத்துவிட்டாள். தஞ்சாவூர் டாக்டர் வேண்டாம், என் பெயரை எடுத்துவிடு என்று அந்தப் போனிலேயே மகளிடம் சொல்லிவிட்டாள் என் மனைவி.

மறுநாள் காலை வண்டி உறையை உருவினாள். ஈரத்தில் நின்றதால் பலமுறை உதைத்த பிறகுதான் கிளம்பியது. தெரு முனையில் திரும்பும்போது ஹாரன் அடித்துக்கொண்டே போனாள். யாரும் குறுக்கே வரவில்லை, சும்மாதான் அடித்தாள்.

அன்றிலிருந்து எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச நிம்மதியும் போயிற்று. அவள் வண்டியில் போனால் திரும்புகிற சத்தம் கேட்கும் வரை வாசலுக்கும் கூடத்துக்கும் அலைந்தேன். போன் செய்தால் வண்டி ஓட்டிக்கொண்டே எடுத்துவிடுவாளோ என்று செய்யாமலும் இருந்தேன். பால் தீய்ந்தது உண்மை. சாவியை விட்டது உண்மை. ஒரு காலையில் எதிர் வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயமான செய்தியைச் சொன்னாள். பத்துப் பாத்திரத்தைத் துலக்கிவிட்டு வந்து, புதிதாகச் சொல்வது போலவே மறுபடியும் சொன்னாள். நான் முதல் தடவை கேட்பது போலவே கேட்டுக்கொண்டேன்.

“எதுக்கும் அந்த டாக்டரை ஒருமுறை பாத்துட்டு வந்தா என்ன?” என்றேன்.

“எதுக்கு? எல்லாம் நீங்கதான் பண்ணினீங்கன்னு ஆயிடுச்சே. எனக்கு என்ன வியாதி?”

கதவை அடைத்தவன் நானே. பேனா டப்பாவை எடுத்தேன், ஒரு கழுத்தைக்கூடத் திருகப் பிடிக்கவில்லை. எனக்கு வயல் பார்க்க ஆசை வந்துவிட்டதாகச் சொல்லி அவளோடு தினமும் பின்னால் உட்கார்ந்து போகத் தொடங்கினேன். “இத்தனை வருஷம் இல்லாத ஆசை” என்று முனகினாள், ஆனால் ஏற்றிக்கொண்டாள். அவள் ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பும்போது நான் மனதுக்குள் சரி, சரி என்று சொல்லிக்கொண்டேன். பாலத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கிறாளா, லாரிக்கு வழி விடுகிறாளா என்று அவள் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தேன். “தலையை ஆட்டாம உக்காருங்க, வண்டி ஆடுது” என்பாள்.

தை மாதம் சம்பா அறுவடை. வயலெல்லாம் அறுப்பு இயந்திரங்கள் நின்றன. சாலையில் பாதிக்கு நெல்லைக் கொட்டிக் காயப் போட்டிருந்தார்கள். எங்கள் நிலத்தில் அறுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வாய்க்கால் கரை முடிகிற இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். இடது கைப் பக்கம் போனால் மன்னார்குடி, வலது கைப் பக்கம் நீடாமங்கலம். அங்கே அவள் வண்டியை நிறுத்தினாள். ஒரு காலை ஊன்றிக்கொண்டு இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். மறுபடி இடது பக்கம் பார்த்தாள். நகரவில்லை.

பிறந்ததிலிருந்து அவள் வந்துபோகிற வழி அது. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த அவளுடைய அக்காவின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

“பால் நான் இல்ல” என்றேன்.

“என்னது?”

“பால் வச்சது நான் இல்ல. சாவியும் நான் இல்ல. நீ கேட்டப்ப உன் முகத்தைப் பாத்துட்டு ஆமான்னு சொல்லிட்டேன். பேனா மட்டும்தான் நான்.”

அவள் திரும்பவில்லை. அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரத்தின் இரைச்சல் வயலுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

“இதை இங்க வச்சுத்தான் சொல்லணுமா?” என்றாள் கடைசியில்.

“நீ வழி தெரியாம நின்ன. அதான்.”

“வழி தெரியாம நின்னேனா?” இப்போது திரும்பினாள். “கண்ணைத் தொறந்து பாருங்க. ரோடு முழுக்க நெல்லு. எந்தப் பக்கம் சக்கரம் படாம போகலாம்னு பாத்துக்கிட்டிருக்கேன். அவங்க காய வச்சதை மிதிச்சுட்டா போக முடியும்?”

பார்த்தேன். இரண்டு பக்கமும் பொன்னிறமாகப் பரப்பியிருந்தது. ஓரத்தில் ஒரு முழ அகலம் விட்டிருந்தார்கள்.

வண்டியை அணைத்தாள். இறங்கச் சொன்னாள். மதகுச் சுவரில் உட்கார்ந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை, நான் நின்றேன்.

“சரி. எது எது நீங்க, எது எது நான், பிரிச்சு சொல்லுங்க. இந்தத் தடவை பாவம் பாக்காம சொல்லுங்க.”

“மூடி நான். கழுத்து நான்.”

“ம்.”

“பால் நீ. சாவி நீ. எதிர் வீட்டு நிச்சயதார்த்தத்தை ரெண்டு தடவை சொன்ன.”

“ரெண்டு தடவையா?” அவள் வாய்க்காலைப் பார்த்தாள். “ரெண்டாவது தடவையும் ஆச்சரியப்பட்டீங்களே.”

“ஆமா.”

“நல்லா நடிக்கிறீங்க.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தது வியர்வையா வேறா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. “கார்த்திகையில ஒருநாள் கண்ணாடிக்கூடு பிரிட்ஜுக்குள்ள இருந்துச்சு. நான் எடுத்து வெளில வச்சேன், உங்ககிட்ட சொல்லல. அது யாரு?”

யோசித்தேன். கண்ணாடிக்கூடு இருவருக்கும் பொது. தண்ணீர் எடுக்கப் போனபோது நான் கையில் கொண்டுபோயிருக்கலாம். அவள் மோர் எடுக்கப் போனபோது வைத்திருக்கலாம். ஆமாம் என்று சொல்லவும் இல்லை என்று சொல்லவும் என் நாக்கு தயாராக இருந்தது. ஆனால் உண்மை அந்த இரண்டிலும் இல்லை.

“தெரியல” என்றேன். “எனக்கு ஞாபகம் இல்ல.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப டாக்டர்கிட்ட உங்க பேரையும் சேத்து ரெண்டு பேராக் கொடுங்க” என்றாள்.

எழுந்து வண்டியைக் கிளப்பினாள். பின்னால் உட்காரப் போனவனைத் தடுத்து, “நீங்க முன்னாடி நடந்து போய் அந்த ஓரத்துல கிடக்குற நெல்லைக் காலால ஒதுக்குங்க, நான் வர்றேன்” என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நடந்தேன். அவள் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு, சக்கரம் ஒரு மணியையும் மிதிக்காமல், என் பின்னால் ஓட்டி வந்தாள்.

டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம் நாள் கொடுத்திருக்கிறார்கள். மகளே பேசி வாங்கினாள். அம்மாவுக்குத்தான் முதலில், எனக்கு அடுத்தது. அங்கே என்ன சொல்வார்கள் என்று தெரியாது. அது வரைக்கும் வண்டியை எடுக்க வேண்டாம் என்று மகளும் சொல்லிப் பார்த்தாள், நானும் சொல்லிப் பார்த்தேன். “டாக்டர் சொல்லட்டும், நிறுத்துறேன். நீங்க சொன்னதை நம்பி நான் ஒருமுறை நிறுத்தியாச்சு” என்கிறாள். இன்று காலை வைக்கோல் கட்டுவதைப் பார்க்கக் கிளம்பினாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வருவதற்குள், இன்றைக்குத் தனியாகத்தான் போவேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடுப்பைப் போய்ப் பார்த்தேன், அணைந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போய்ப் பார்த்தேன்.